திங்கட்கிழமை வயிற்றுவலி



திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். வீட்டில் நடிப்பு என்பார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு மனம் சரியில்லை என்று சொல்லத் தெரியாது, ஆனால் வலி உண்மையாகவே இருக்கும். வயிறு, தலை, படுக்கை நனைவது, திடீரென்று யாரோடும் பேசாமலிருப்பது என்று அந்த வயதில் துயரம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் வெளிவருகிறது.

அத்தகைய துயரத்திலிருந்து மீண்டெழும் திறன்தான் இந்த மாநாட்டின் பொருள். அதைக் குழந்தைக்குள் எப்படி ஏற்றுவது என்ற கேள்வியோடு பலர் வந்திருக்கக்கூடும். குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் இதற்குச் சாட்சி இருக்கிறது.

அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்துடன் சேர்ந்து, நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள் பல. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, பிறக்கும்போதே சிக்கல், ஓயாத வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று தொல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவர்களில் மூன்றில் இரண்டு பேர் பத்து வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள், இல்லையேல் பதினெட்டுக்குள் வேறு சிக்கல்களில் விழுந்தார்கள். அதில் வியப்பில்லை. மீதி 72 பேர்தான் வியப்பு. அவர்கள் நம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ள இளைஞர்களாக வளர்ந்து நின்றார்கள்.

அவர்களில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே யாரையும் சிரிக்க வைக்கும் சுபாவம் கொண்டவர்கள். அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தாய் தகப்பனால் முடியாதபோது பாட்டியோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பள்ளிக்குப் போன பிறகு அந்த இடத்தில் ஓர் ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். இன்னொரு செய்தியும் உண்டு: பதின்வயதில் சறுக்கியவர்களில் கணிசமானோர் முப்பதுகளில் தேறிவிட்டார்கள். எட்டு வயதில் 'இது தேறாத கேஸ்' என்று முத்திரை குத்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மின்னசோட்டாப் பல்கலைக்கழக உளவியலாளர் ஆன் மாஸ்டன் 2001இல் எழுதிய கட்டுரையும் இதே பக்கம்தான் சாய்கிறது: மீண்டெழுதல் அபூர்வக் குழந்தைகளின் வரம் இல்லை, சாதாரண ஏற்பாடுகள் சரியாக நடந்தால் கிடைக்கும் விளைவு.

அப்படியானால், நெருக்கடியை ஒரு கையால் கூட்டிவிட்டு மறுகையால் மூச்சுப்பயிற்சி வகுப்பு வைப்பதில் என்ன பொருள்? தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைகளின் தூக்கத்துக்கு அந்த ஒரு முடிவு செய்த நன்மையை எந்தப் பயிலரங்கும் செய்திருக்காது. இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இன்னும் அதே வயதின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கான டியூஷன் அதற்கும் முந்தைய தரங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

நெருக்கடியைக் குறைப்பது தேர்வோடு நிற்பதில்லை. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தைச் சத்துணவுக் கணக்கில் மட்டும் எழுதுவது குறைவான மதிப்பீடு. பசியோடு உட்கார்ந்த பிள்ளை எரிச்சலடைகிறது, எரிச்சலுக்குத் திட்டு விழுகிறது. முதல் மணிக்கு முன்பே வயிறு நிறைந்தால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுகிறது.

இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் 2009லேயே தடை செய்துவிட்டது. பிரம்பு ஓரளவு குறைந்திருக்கிறது. எல்லோர் முன்பும் மதிப்பெண்ணை உரக்கப் படிப்பது, 'உன் அண்ணனைப் பார்' என்பது போன்றவை துன்புறுத்தல் என்று பலருக்கும் இன்னும் தோன்றுவதில்லை.

இனிக் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் நடத்தும் ஈராசிரியர் பள்ளியை மனத்தில் வைத்துப் பேசுங்கள். பதிவேடும் செயலியும் தின்ற நேரம் போக, பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் போய்ப் பத்து நிமிடம் இருக்க அந்த ஆசிரியருக்கு எது உதவும்? எந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடலாம்? முதல் அமர்வு அதிலிருந்தே தொடங்கட்டும்.