கடல் இல்லாத ஊரின் பீச்: ஆம்பூரிலிருந்து வயலூர் வரை ஒரு வீக்எண்ட்

இந்த வாரம் ஜாலியான டாபிக். வீக்எண்ட், பீச், விளையாட்டு, ஃப்ரெண்ட்ஸ். ஒரே ஒரு கண்டிஷன், நாம கிளம்புற இடம் ஆம்பூர்.

"ஆம்பூர்ல ஏதுப்பா பீச்?"னு சென்னைக்காரங்க சிரிப்பீங்க. உங்களுக்கு மெரினாவும் பெசன்ட் நகரும் ஒரு பஸ் தூரம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு நீண்டு கிடக்கிற எங்க தோல் பெல்ட்டுல கடல் கிடையாது. ஆனா கடற்கரைக்கு வேண்டிய ரெண்டு பொருள் எங்ககிட்ட இருக்கு. ஒண்ணு மணல், இன்னொண்ணு உப்பு. ரெண்டும் பாலாற்றுலதான் இருக்கு. மணல் ஆறு கொண்டு வந்தது. உப்புல பெரும்பங்கு நாம கொண்டு வந்து விட்டது.

அதனால இந்த எபிசோட்ல ஒரு பிளான் சொல்றேன். சனிக்கிழமை சாயந்திரம் ஆம்பூர் பக்கம் ஆத்து மணல்ல ஆட்டம். ஞாயித்துக்கிழமை, அதே ஆறு கடல்ல சேர்ற வயலூர் பக்கம் போய் அலை பார்க்கிறது. ஒரே ஆற்றோட ரெண்டு முனை. நடுவுல கொஞ்சம் கதையும் வரும்.

சனிக்கிழமை சாயந்திரம்: ஆத்துல ஆட்டம்

ஏன் சாயந்திரம்? ஐ.டி. வேலையில இருக்கிறவங்களுக்கு வீக்எண்ட் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆரம்பிச்சுடும். ஷூ கம்பெனியில வாரத்துக்கு ஆறு நாள் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு, கம்பெனி பஸ் ஊர்ல இறக்கிவிட்ட பிறகுதான் லீவே தொடங்குது. அதுக்குப் பிறகு டர்ஃப் புக் பண்ணி, ஆளுக்கு இவ்வளவுன்னு ஷேர் போட்டு ஆடுறதெல்லாம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஆத்துக்கு வாடகை கிடையாது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஆடலாம்.

மணல்ல ஆடறதுக்கு ஒரு தனி கணக்கு இருக்கு. டென்னிஸ் பால் மணல்ல குத்தினா எழும்பாது, புதைஞ்சுடும். அதனால கிரிக்கெட்டுக்கு மணல் இறுகின ஓரமாப் பார்த்து பிட்ச் போடணும், இல்லன்னா தண்ணி தெளிச்சு மிதிச்சுக் கெட்டியாக்கணும். கபடிக்கு மணல் பிரமாதம், விழுந்தா அடி படாது. ஆனா பத்து நிமிஷத்துல கெண்டைக்கால் கதறிடும். தரையில ஓடுறப்போ தரை உங்களைத் திருப்பித் தள்ளும். மணல் அப்படித் தள்ளாது, உங்க வேகத்தைத் தானே வாங்கிக்கும். அதான் அந்தக் களைப்பு. முதல் நாள் மெதுவா ஆரம்பிங்க.

வாலிபால் நெட் கையில இருந்தா பீச் வாலிபால் ஆடலாம். முறைப்படி ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேர். கோர்ட் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். மணல் குறைஞ்சது 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்கணும்.

இந்த 40 சென்டிமீட்டரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பாலாற்றுல பல இடத்துல இன்னிக்கு அந்த ஆழத்துக்கு மணல் கிடையாது. வருஷக்கணக்கா லாரியில அள்ளிட்டுப் போனதுல கீழ இருக்கிற களிமண்ணும் பாறையும் வெளியே வந்துடுச்சு. மணல் போன இடத்துல சீமைக் கருவேலம் புகுந்துடுச்சு. வெறுங்காலோட ஓடினா முள்ளு உறுதி. ஆடறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு நடந்து பார்க்கணும்னு சொல்றது அதுக்குத்தான்.

மணல் போனா கிரவுண்ட் மட்டும் போகல. பாலாறு வருஷத்துல பெரும்பாலான நாள் மேல ஓடாது, மணலுக்குள்ளதான் ஓடும். கையால ஒரு குழி தோண்டினா ஊத்துத் தண்ணி வரும்னு வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த மணல்தான் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வெச்சு, கரையோரக் கிணறுகளுக்குக் கொடுத்தது. நம்ம கிரவுண்டும் ஊரோட தண்ணித் தொட்டியும் ஒரே மணல்தான்.

கடல் இல்லாம உப்பு எங்கிருந்து வந்துச்சு?

ஆட்டம் முடிஞ்சு மணல்ல உட்கார்ந்து பேசுற நேரம்னு வெச்சுக்குவோம்.

உரிச்ச தோல் அழுகாம இருக்க உப்பு போட்டுத்தான் வைப்பாங்க. டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊற வெச்சு, அந்த உப்பை எல்லாம் கழுவி எடுக்கிறது. அப்புறம் சுண்ணாம்பு, குரோமியம்னு வரிசையா வேலை நடக்கும். இதுல உப்புதான் பெரிய தலைவலி. வழக்கமான சுத்திகரிப்புல அழுக்கு குறையும், கரைஞ்ச உப்பு போகாது. அதைப் பிரிக்கணும்னா ஆர்.ஓ. வேணும், மிச்சத்தைக் காய்ச்சி வத்த வைக்கிற எவாப்பரேட்டர் வேணும். ரெண்டும் செலவு பிடிச்ச வேலை. ரொம்ப காலம் அந்தச் செலவைத் தொழில் ஏத்துக்கல. ஆறும் கிணறும் ஏத்துக்கிச்சு.

இங்க ஒரு தேதிப் பொருத்தம் சொல்லணும். 1996 ஜூலையில அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல பீச் வாலிபால் முதல் முறையா பதக்க விளையாட்டாச்சு. அடுத்த மாசம், ஆகஸ்ட் 28-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் நம்ம மணலைப் பத்தி ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கு அது. தோல் தொழிற்சாலைப் பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு உதவாமப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புல பதிவாகியிருக்கு. மாசுபடுத்தினவங்கதான் அதுக்கான விலையைக் கொடுக்கணும், கேடு வரும்னு தெரிஞ்சா முன்கூட்டியே தடுக்கணும் என்ற ரெண்டு கொள்கையும் இந்திய சட்டத்தோட பகுதின்னு சொன்ன தீர்ப்பு அது. நாட்டுல எந்த மூலையில சட்டம் படிக்கிறவங்களுக்கும் வேலூர் பேர் இந்த வழக்கு வழியா தெரியும்.

கதை அதோட முடியல. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திரும்பவும் பாலாற்றைப் பத்தித் தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுங்க, அதை மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணுங்க, ஆற்றை மீட்க ஒரு குழு போடுங்கன்னு உத்தரவு. நடுவுல 28 வருஷம். முதல் தீர்ப்பு வந்தப்போ பொறந்த குழந்தை இன்னிக்கு கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கும்.

தொழிலைத் திட்டிட்டுப் போறது சுலபம். ஆனா நம்ம செட்டுல பாதிப் பேர் வீட்டுல அடுப்பு எரியறது அந்தத் தொழில்லதான். கம்பெனி வேணுமா ஆறு வேணுமான்னு கேட்கிறதே தப்பான கேள்வி. உப்பைப் பிரிக்கிற செலவு யார் பில்லுல ஏறணும்? அதுதான் சரியான கேள்வி. அந்தச் செலவு ஷூவோட விலையில ஏறணும், ஆத்தங்கரை விவசாயியோட கிணத்துல ஏறக் கூடாது.

ஞாயித்துக்கிழமை: ஆறு போற வழியில

விடியக்காலை மூணரைக்கு வேன் கிளம்பணும். ஏறக்குறைய 200 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். பாலாறு கர்நாடகத்துல நந்தி மலைப் பக்கம் பொறந்து அங்க 93 கிலோமீட்டர், ஆந்திராவுல 33, தமிழ்நாட்டுல 222 கிலோமீட்டர்னு வருது. நாம அதோட கூடவே கீழ்நோக்கிப் போறோம். வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், அப்புறம் வாலாஜாபாத் வழியா செங்கல்பட்டு ரோடு.

ஆற்காட்டுல கடை திறந்திருந்தா மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கிக்கோங்க. வாலாஜாபாத் தாண்டி பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். அங்க பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 11-ஆம் நூற்றாண்டுல இங்க 15 படுக்கையோட ஒரு ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்த விவரத்தை அது சொல்லுது. கால் நீட்ட நல்ல இடம். அரை மணி நேரம் போதும்.

அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரங்க துணி வியாபாரத்துக்காகக் கட்டின கோட்டை இருக்கு. உள்ளே அவங்க கல்லறைகள், மேல நுணுக்கமா செதுக்கின எழுத்துகள். பக்கத்துலயே கடற்கரை. மகாபலிபுரம் அளவுக்குக் கூட்டம் இருக்காது. ஆட்டத்தை இங்க வெச்சுக்கலாம்.

என் சாய்ஸ் ஃப்ரிஸ்பீ. அல்டிமேட் ஃப்ரிஸ்பீயில ரெஃப்ரீ கிடையாது, ஃபவுலை ஆடறவங்களே பேசித் தீர்த்துக்கணும். கோல் போஸ்ட் வேண்டாம், நாலு செருப்பு போதும். ஆணும் பெண்ணும் ஒரே டீம்ல ஆடற ஆட்டம். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்? ஆம்பூர் ஷூ கம்பெனிகள்ல வேலை பார்க்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். சாயந்திரம் ஆத்து மணல்ல பார்த்தா பசங்க மட்டும்தான். அவங்களோட ஒரே லீவு நாள் துணி துவைக்கிறதுலயும் அடுத்த வாரத்துக்கு மாவு அரைக்கிறதுலயும் போயிடுது. அதனால பிளான் போடறப்பவே ரெண்டு விஷயம் செய்யுங்க. அக்கா, தங்கச்சி, கூட வேலை பார்க்கிற பொண்ணுங்க எல்லாரையும் கூப்பிடுங்க. வழியில டாய்லெட் எங்க இருக்குன்னு முதல்லயே பார்த்து வைங்க. ரெண்டாவதைச் செய்யாம முதலாவதைச் செஞ்சா யாரும் வர மாட்டாங்க.

வயலூர்: ஆறு முடியற இடம்

சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தெற்கே, வயலூர். பாலாறு வங்கக்கடல்ல சேர்ற இடம். ரெண்டு எச்சரிக்கை. முகத்துவாரத்துல தண்ணி அமைதியாத் தெரிஞ்சாலும் அடியில இழுப்பு இருக்கும், இறங்காதீங்க. கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்துலயே இருக்கு. ட்ரோன் எல்லாம் வேண்டாம். தடை போர்டு வெச்ச இடத்துக்குள்ள போகாதீங்க.

வயலூர்ல ஆத்துக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டியிருக்காங்க. வர்ற நல்ல தண்ணியைச் சேமிக்கணும், கடல் உப்பு உள்ளே ஏறாம தடுக்கணும். ஆறு முடியற இடத்துல உப்பு வராம இருக்க சுவர் கட்டியிருக்கோம். அதே ஆத்துல, கடலை விட்டு அவ்வளவு தூரத்துல இருக்கிற நம்ம ஊர்லதான் உப்பை உள்ளே விட்டோம். இதைத் தீர்ப்புல படிக்கிறது ஒண்ணு, நேத்து ஆம்பூர் மணல்ல ஆடின காலோட இங்க வந்து நின்னு பார்க்கிறது வேற. அதுக்காகத்தான் இந்த ரூட்டையே சொன்னேன்.

கடைசியா ஒரு விஷயம். 2021 நவம்பர்ல பாலாறு கரை தொட்டு ஓடினது ஞாபகம் இருக்கும். ஜனங்க பாலத்து மேல கூட்டம் கூட்டமா நின்னு வேடிக்கை பார்த்தாங்க. நம்ம பிட்ச், ஸ்டம்ப் நட்ட குழி, எல்லாம் தண்ணிக்குள்ள. ஆத்து கிரவுண்டோட ஓனர் ஆறுதான். வருஷத்துல சில நாள் அது வந்து இடத்தைக் கேட்கும், நகர்ந்துக்கணும். 1903-ல வாணியம்பாடியைப் புரட்டிப் போட்ட வெள்ளமும் இதே ஆத்துல வந்ததுதான். அதனால நிரந்தர கேலரி, காம்பவுண்டு சுவர்னு ஆத்துக்குள்ள எதையும் கேட்காதீங்க. கேட்கணும்னா மணலைக் கேளுங்க. ராத்திரியில லாரி இறங்கினா தாசில்தார் ஆபீஸுக்குச் சொல்லுங்க. ஒரு டீம் 11 பேர், பத்து டீம்னா 110 பேர். அத்தனை பேர் தினமும் நிற்கிற இடத்துல மணல் அள்ளுறது அவ்வளவு சுலபம் இல்ல. ஆடறதே ஒரு காவல்தான்.

பந்து, ஃப்ரிஸ்பீ, தண்ணி கேன், குப்பைக்கு ஒரு சாக்குப் பை. இவ்வளவு இருந்தா கிளம்பிடலாம். திரும்பி வர்றப்போ ஆம்பூர் பிரியாணி கிடைக்குமான்னு கேட்காதீங்க, ராத்திரிக்குள்ள காலியாயிடும். காலையிலயே சொல்லி வெச்சுட்டுக் கிளம்புங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.