அந்திப் பால் வீணாகாமல் இருக்க: மன்னாரில் கண்டவை
(தோட்டத்தில் மாடு வளர்ப்போர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சம்பளப் பேச்சு இல்லையா என்று யாரும் எழும்பிப் போயிடாதீங்க. லயத்துக்குப் பின்னால் ஒரு மாடு நிற்கிற வீட்டில், மாசக் கடைசியில் கடைக் கடனைக் கட்டுவது அந்த மாடுதான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

காலைப் பாலுக்குக் கவலை இல்லை. வண்டி வருது, கொழுப்பைப் பார்க்கிறாங்க, விலை போடுறாங்க. அந்திப் பால்தான் தலையிடி. பல டிவிசன்களில் அந்திக்கு வண்டி கிடையாது. மழையில் ரோட்டு உடைந்தால் காலையிலும் கிடையாது. 2022இல் நாட்டில் டீசல் இல்லாமல் போனபோது என்ன நடந்தது? டவுனில் சனங்கள் பால்மாவுக்குக் கியூவில் நின்றார்கள். இங்கே வண்டி வராமல் மிஞ்சிய பாலை வாய்க்காலில் ஊற்றிய வீடுகளும் இருந்தன.

அதனால்தான் மிஞ்சுகிற பாலைத் தயிராக, நெய்யாக மாற்றுவதற்கு ஒரு சின்னக் கைநூல் போடலாம் என்று முடிவாகியிருக்கிறது. அதை எழுதுமுன் நாங்கள் சிலர் மன்னாருக்குப் போய்வந்தோம். பால் வேலை படிக்க மன்னாருக்கா என்று சிலர் சிரித்தார்கள். அம்பேவெல பக்கத்தில் இருக்கும்போது அங்கே எதற்கு என்றும் கேட்டார்கள். அம்பேவெலயில் இருப்பது பெரிய பண்ணை, பெரிய மெசின். நமக்குத் தேவை ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கிற வீடு, அதுவும் பால் சீக்கிரமாகக் கெடுகிற ஊரில். அங்கே காப்பாற்றுகிற பாலை எங்கேயும் காப்பாற்றலாம் இல்லியா?

மன்னார் நமக்குப் புது இடமும் இல்லை. நம்ம பூட்டன்மார் அந்தக் கரையில் இறங்கித்தான் காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். நடையிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சொந்தக்காரர்களும் நிறையப் பேர்.

அங்கே வெயில் வேற வெயில். வருசத்தில் பல மாதங்கள் பகலில் 30 பாகைக்கு மேல். தீவுப் பக்கம் பனையும் மணலும். பெருநிலத்தில் கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் வயல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து வயல் விதைத்துவிட்டால் மாடுகளுக்கு மேய்ச்சல் தரை இல்லை. ஓட்டிக்கொண்டு தூரத்துக்குப் போகணும். நாட்டு மாடு ஒன்று ஒரு நாளைக்கு ஒரு லீட்டர், இரண்டு லீட்டர் கறந்தால் அதுவே பெரிசு. அதனால் ஒரு கோப்பைப் பாலைக்கூட வீணாக்க அவர்களுக்கு மனசு வராது.

தயிர் போடுவதைச் சொல்றோம், கவனமாகக் கேளுங்க. கறந்த கையோடு பாலைத் துணியில் வடித்துக் காய்ச்சுகிறார்கள். அந்தச் சூட்டில் பச்சைப் பாலை வைத்தால் கிருமி அரை மணிக்கொரு தடவை இரட்டிப்பாகும். பொங்கினவுடன் இறக்காமல், ஐந்தில் ஒரு பங்கு சுண்டும்வரை காய்ச்சினால் பசும்பால் தயிரும் கெட்டியாக வரும். எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம், பசும்பாலில் 4 வீதம். அதனால்தான் இந்தச் சுண்டல் வேலை. பிறகு சட்டியைத் தண்ணீரில் வைத்து ஆற்றுகிறார்கள். எவ்வளவு ஆறணும்? நாங்கள் பார்த்த வீட்டில் ஒரு அம்மா சுத்தமாகக் கழுவின விரலைப் பாலில் வைத்துப் பத்து வரைக்கும் எண்ணினார். பத்துக்கு விரல் தாங்கினால் சரி, தாங்காவிட்டால் இன்னும் ஆறணும். வெப்பமானியில் பார்த்தால் அது 42 பாகைக்குக் கிட்டத்தான் வரும். லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறைமோர், நன்றாகக் கலக்கி மண்சட்டியில் ஊற்றி மூடினால் அங்கே ஐந்தாறு மணியில் உறைந்துவிடும். அதற்கு மேல் வெளியில் வைத்தால் புளிப்பு ஏறி விலை போகாது.

இதையே அப்படியே நாம் இங்கே செய்தால் என்ன ஆகும்? நுவரெலியாப் பக்கம் தை மாசத்து இரவு 12 பாகைக்கும் கீழே இறங்கும். சட்டி ஒரு மணியில் ஆறிப்போகும், காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். உறைமோர் சரியில்லை, மாடு சரியில்லை, கண்ணேறு பட்டிருக்கு என்று சொல்வோம். உண்மையில் குறைந்தது சூடுதான். பேசாலையில் மீனுக்கு ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டி தெரியும்தானே? குளிரைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும். மீன் வாடை இல்லாத புதுப்பெட்டியாக வாங்கி, தயிர்ச் சட்டிகளோடு ஒரு போத்தல் சுடுதண்ணீரையும் வைத்து மூடினால் மலையிலும் தயிர் உறையும். பெட்டி இல்லாதவர்கள் கம்பளியில் சுற்றி அடுப்பு மேட்டில் வைக்கலாம்.

சூடு சரி, உறைமோர் சரி, அப்பவும் உறையவில்லை என்றால், மாட்டுக்கு ஊசி போட்டீங்களா என்று பாருங்க. மடி வீக்கத்துக்குப் போடுகிற மருந்து பாலில் வந்து உறைமோர்க் கிருமியைக் கொன்றுவிடும். மிருக வைத்தியர் சொல்கிற நாள் முடியும்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது.

நெய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 4 வீதக் கொழுப்புள்ள பால் பத்து லீட்டரில் கொழுப்பு 400 கிராம்தான். கடைவதில், உருக்குவதில் கொஞ்சம் போகும். பத்து லீட்டர் பாலாக விற்றால் என்ன காசு, நெய்யாக விற்றால் என்ன காசு என்று கணக்குப் போட்டுப் பாருங்க. மன்னாரில் கடைந்த மோரையும் உப்பு, பச்சைமிளகாய் போட்டு வெயிலுக்கு விற்றுவிடலாம். இங்கே மூடுபனியில் மோரை யார் வாங்குவார்? ஆகவே வண்டி வராத நாளில் நெய் நல்லது, தினமும் செய்ய நமக்குத் தயிரும் பால் டொபியும்தான் தோது என்பது எங்கள் எண்ணம். அங்கே தயிருக்குப் பனங்கட்டி, நமக்குக் கித்துள் பாணி இருக்கவே இருக்கு.

கைநூல் எழுதுகிறபோது இன்னொரு விசயம். இந்த மாதிரிப் பிரசுரங்களில் பாச்சராக்கம், நொதித்தல் என்று போட்டிருக்கும். படித்த பிள்ளை வாசித்துக் காட்டினாலும் அம்மாவுக்கு விளங்காது. காய்ச்சுவது, உறை ஊற்றுவது என்றே எழுதப் போகிறோம். பாகைக் கணக்கு ஒரு மூலையில் இருக்கட்டும், விரல் கணக்கு முன்னால் வரட்டும். மலைக்கு ஒரு பக்கம், சூடான ஊருக்கு ஒரு பக்கம் என்று இரண்டாகவே அடிக்கலாம். வன்னியிலுள்ள சொந்தக்காரர்களுக்கும் ஒன்று அனுப்பலாமே. வெளியில் விற்க நினைக்கிறவர்கள் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காண வேண்டும் என்பதையும் போடுகிறோம்.

எழுதியதை அடுத்த மாதம் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் சத்தமாக வாசிப்போம். எந்தச் சொல் விளங்கவில்லையோ அந்த இடத்தில் கையை உயர்த்துங்க, அடித்து மாற்றிவிடுவோம். அதற்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு வீட்டார் இந்தப் பெட்டி முறையில் ஒரு லீட்டர் தயிர் போட்டு, எத்தனை மணிக்கு வைத்தது, எத்தனை மணிக்கு உறைந்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவாங்க. உறையாமல் போனாலும் கொண்டுவாங்க.