ஒரு ரூபாய்ச் சம்பளச் சிறுவனும் ஒரு தாசில்தாரும்

(நம் அறவாரியத்தின் கல்வி நிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்பது அவருக்கே தெரியும். ஆகவே ஒரே ஒரு மனிதரைப் பற்றி மட்டும் பேசி அமர்ந்துவிடுகிறேன்.

அவர் சர் திருவாரூர் முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர். தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்து நீதிபதியானவர் என்று அவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் இதே கதையைச் சொல்லியிருக்கிறேன். விளக்கில்லாத வீட்டுப் பிள்ளைகளை உற்சாகப்படுத்தச் சொன்னேன். இப்போது யோசித்துப் பார்த்தால் கதையின் வால் பகுதியை மட்டும் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. அந்தப் பிள்ளையைத் தெருவிளக்கு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்பதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் ஊரில், வறிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை இளமையிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் கிராமக் கணக்கரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். கிராமக் கணக்கர் என்றால், நம் தோட்டத்துக் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு நிலம், யார் எவ்வளவு வரி பாக்கி என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கும். அவரிடம் ஏடு எடுத்துக் கொடுக்கவும், கூட்டிக் கழிக்கவும் இந்தச் சிறுவனுக்கு மாதச் சம்பளம் ஒரு ரூபாய். அந்த நாட்களிலேயே தாயையும் இழந்தார்.

அந்த வட்டாரத்துத் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். பெயர் ஒற்றுமையைக் கவனியுங்கள். ஒரு நாள் அவருக்கு அவசரமாக ஒரு விவரம் வேண்டியிருந்தது. கரை உடைப்பு பற்றிய விவரம் என்று சொல்வார்கள். கணக்கர் ஊரில் இல்லை. பையன்தான் இருந்தான். கேட்டதற்கெல்லாம் பதறாமல், தெளிவாகப் பதில் சொன்னான். தாசில்தார் அதை அப்படியே நம்பிவிடவில்லை. விசாரித்துப் பார்த்தார். சொன்னது சரியாக இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசிக்கிறேன். "கெட்டிக்காரப் பையன்" என்று சொல்லி முதுகில் தட்டிவிட்டு அவர் குதிரை ஏறிப் போயிருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் செய்வோம். நாயக்கர் அந்தப் பிள்ளையின் படிப்பைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பிறகு தம் மருமகன் முறைப் பிள்ளைக்குத் துணையாகச் சென்னையில் சர் ஹென்றி மாண்ட்கோமரியின் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். அவர் நாயக்கர், பையன் ஐயர். சாதி பார்த்தே தண்ணீர் கொடுத்த காலத்தில் இது நடந்தது.

சென்னையில் பவல் என்னும் ஆங்கிலேய ஆசிரியரின் கண்ணிலும் பையன் பட்டான். ஆண்டுதோறும் பரிசு, உதவித்தொகை. 1854இல் கல்விக் கவுன்சில் அறிவித்த ஐந்நூறு ரூபாய்ப் பரிசும் அவருக்கே கிடைத்தது. மாதம் ஒரு ரூபாய் வாங்கியவருக்கு ஐந்நூறு ரூபாய் என்றால் நாற்பது ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதன்பின் அவர் ஏறிய படிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கல்வித்துறையில் பணி, மாவட்ட முன்சீப், 1859இல் தஞ்சையில் டெபுடி கலெக்டர், 1865இல் தென்கன்னட மாவட்டத்தில் சார்பு நீதிபதி, 1868இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அவர் படித்து முடித்த காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகமே இல்லை. அது 1857இல்தான் வந்தது. ஆகவே சட்டப் பட்டம் இல்லாமலேயே நீதி வழங்கிக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே, நாற்பதை நெருங்கும் வயதில், பி.எல். தேர்வு எழுதித் தேறினார். வடமொழியும் நன்கு கற்றவர். இந்து சட்ட வழக்குகளில் மூல நூல்களையே எடுத்துப் பார்க்க அது உதவியது.

போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்த காலத்துச் செய்தி ஒன்றை அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் தவறாமல் சொல்வார்கள். ஓர் ஏழை இந்தியர், தம்மை அடித்துவிட்டதாக உயர் நீதிமன்றத்து வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் மீது புகார் கொடுத்தாராம். முத்துசாமி ஐயர் அந்த நீதிபதிக்கே சம்மன் அனுப்பினாராம். மேலதிகாரிகள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. விசாரித்து அபராதமும் விதித்தார். அபராதம் மூன்றே ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் அன்றைய சென்னையில் அந்த மூன்று ரூபாய் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து நீதிபதிப் பதவி. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1863இலேயே சம்புநாத் பண்டிட் என்னும் இந்தியர் நீதிபதியாகிவிட்டார். சென்னைக்கு அதன்பின் பதினைந்து ஆண்டுகள் போல் ஆனது. முத்துசாமி ஐயரை நியமித்தபோது சென்னையின் ஆங்கிலேயப் பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்தன. பதில் சொல்ல நம்மவர் கையில் ஒரு பத்திரிகை இல்லை. ஆறு இளைஞர்கள் கூடினார்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். 1878 செப்டம்பர் 20ஆம் நாள் எண்பது பிரதிகள் அச்சடித்தார்கள். அதுதான் 'தி இந்து' பத்திரிகை. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. அந்த ஆறு பேரில் நால்வர் சட்டம் படிக்கும் மாணவர்கள். மற்ற இருவரும், ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும், பள்ளி ஆசிரியர்கள். இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்கிறது என்றால் மன்னிக்க வேண்டும்.

அந்த ஆசிரியர்களில் வீரராகவாச்சாரியார் பணியாற்றியது பச்சையப்பன் கல்வி நிலையத்தில். இது நம் அறவாரியத்துக்கு மிகவும் நெருக்கமான செய்தி. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமான பெரும் வணிகர். கோயில் தருமங்களுக்கென்று உயில் எழுதிவைத்துப் போனார். அவருக்குப் பின் சொத்து பல ஆண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, கோயில் தருமங்களுக்குப் போக மிஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவிட வழி செய்தது. 1842இல் பள்ளி திறந்தார்கள். சாமிக்கு எழுதிவைத்த பணத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்கலாமா என்று நம் கூட்டங்களில் இன்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் கண்டுவிட்டார்கள்.

முத்துசாமி ஐயர் 1895 வரை நீதிபதியாக இருந்தார். 1891இல் மலபார் திருமண முறை பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1893இல் சில மாதங்கள் தலைமை நீதிபதியின் பொறுப்பை வகித்தார். சர் பட்டமும் அதே ஆண்டு வந்தது. 1895 ஜனவரி 25ஆம் நாள், அறுபத்து மூன்று வயது நிறைய மூன்றே நாள் இருக்கும்போது காலமானார். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் அவருக்குச் சலவைக்கல் சிலை இருக்கிறது. தலைப்பாகையும் அங்கியுமாக அமர்ந்திருக்கிறார். காலில் மட்டும் செருப்பு இல்லை. வழக்கறிஞர்கள் அந்த வெறுங்காலைக் கடந்துதான் போகிறார்கள், வருகிறார்கள்.

தாசில்தாருக்குச் சிலை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்பர்களே, இவ்வளவும் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் பணிக்காலத்தில், ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தினமும் தாமதமாக வருவான். வந்ததும் தூங்குவான். விடியற்காலையில் தாயுடன் பால்மரக் காட்டுக்குப் போய்விட்டு வருகிறான் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் அவன் என்னிடம், "சார், அம்மா சம்பளச் சீட்டுல கணக்குத் தப்பா இருந்துச்சு. நான் போட்டுக் காட்டினேன், கிராணி திருத்திக் கொடுத்தாரு" என்றான். கெட்டிக்காரன் என்று சொல்லிச் சிரித்தேன். அவ்வளவுதான். தேர்வில் தேறக்கூடிய பிள்ளைகளை முன்வரிசையில் வைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவன் கடைசி வரிசையிலேயே இருந்தான். அடுத்த ஆண்டு தோட்டம் கைமாறியது. குடும்பங்கள் கலைந்துபோயின. அவன் எங்கே போனான் என்று நான் விசாரிக்கவில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகு, இந்த நீதிபதியின் வரலாற்றை மறுபடி படித்தபோதுதான், நாயக்கர் நின்ற அதே இடத்தில் நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன் என்பது உறைத்தது.

நம் கல்வி நிதிக்கு இப்போது தேர்ச்சி அறிக்கை ஒன்றே அளவுகோல். இத்தனை 'ஏ' இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. ஆசிரியரின் பரிந்துரைக்கும் ஓர் இடம் கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் கேட்டேன். வேண்டியவர் பிள்ளைகளெல்லாம் உள்ளே வந்துவிடும் என்று ஓர் அன்பர் சொன்னார். அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. நாயக்கரும் தம் சொந்தக்காரப் பிள்ளையைச் சேர்த்துத்தானே அனுப்பினார்! ஆனால் அவர் விசாரித்துப் பார்த்த பிறகே அனுப்பினார் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே பரிந்துரை வந்தால் குழுவில் இருவர் அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து வரட்டும் என்கிறேன். பெட்ரோல் செலவு அறவாரியத்துக்கு வேண்டாம். நான் என் வண்டியிலேயே போகிறேன்.

இது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி வருகிறது. பணம் கொடுப்பவர்கள் நீங்கள். உங்கள் எண்ணத்தை ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தால் கூட்டத்தில் படிப்போம். எனக்கு எதிராக எழுதினாலும் படிப்போம். இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. முடிவு வரும்வரை காத்திருக்காமல் அதில் எழுதி அனுப்புங்கள். படிவங்கள் நுழைவாயில் மேசையில் இருக்கின்றன.

பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அன்னதானம் தயாராகிவிட்டதாகச் சைகை வருகிறது.