யோபுவின் கதையும் நம் வீட்டுக் குழந்தைகளும்

(பங்கின் பொன்விழாவையொட்டி, மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழந்தைகளுக்குக் கதை எழுதுவது பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு தந்தை அவர்கள் பணித்தார்கள். நான் எழுத்தாளன் அல்லன். ஞாயிறு பூசைக்குப் பின் வேப்பமரத்தடியில் கதை சொல்லிப் பழகியவன், அவ்வளவே. ஆகவே, ஒரு கதை ஒரு மனிதரை என்ன செய்தது என்பதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையை நாம் அறிவோம். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்டப் பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். கால்நடைகள் மடிந்து, விளைச்சல் பொய்த்து, பொருள் கரைந்து அவர் மனம் ஒடிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவரிடம் பேசியவர் டி லனாய். யார் அவர்? 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று தோற்று, மார்த்தாண்ட வர்ம மன்னரிடம் சிறைப்பட்ட கத்தோலிக்கப் படைவீரர். பின்பு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். ஊரையும் உறவையும் இழந்த அந்த அந்நியர், வாடி நின்ற நண்பருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அன்பர்களே, இங்கே சற்று நிற்போம். டி லனாய் சொன்னது எப்படிப்பட்ட கதை? "கும்பிட்டான், கிடைத்தது" என்ற கதையா? இல்லை. யோபு நல்லவன், ஆனாலும் எல்லாம் போயிற்று. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் புண்ணைச் சொறிகிறான். பிறந்த நாளையே சபிக்கிறான். கடவுளிடமே வழக்காடுகிறான். "நீ பாவம் செய்திருப்பாய்" என்று விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார், வழக்காடியவனை அல்ல.

நம் சிறுவர் கதைகளில் பெரும்பாலானவை எப்படி இருக்கின்றன? ஒரு நல்ல பையன், செபமாலை சொன்னான், பரீட்சையில் தேறினான். அல்லது அவன் அம்மாவின் காய்ச்சல் தீர்ந்தது. எழுதியவர்கள் நல்ல மனத்தோடுதான் எழுதினார்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் வகுப்பில் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மழை ஏமாற்றியதால் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டி கிண்டும் களியில் வளரும் பிள்ளைகள். சாரம் சரிந்து அப்பா எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் ஒரு சிறுமி, காய்ச்சல் தீர்ந்த கதையைக் கேட்டு என்ன நினைப்பாள்? "நான் சரியாகச் செபம் பண்ணவில்லை போலிருக்கிறது" என்றுதான் நினைப்பாள். யோபுவின் நண்பர்கள் செய்த அதே வேலையை அந்தக் கதை அவளுக்குச் செய்துவிடுகிறது! இது சிறிய தீங்கு அல்ல.

பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானவர்கள். ஒருமுறை யோபுவின் கதையை முடித்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ஆடு ஏழாயிரம் போச்சு, பதினாலாயிரமா திரும்பி வந்துச்சு. ஒட்டகம் மூவாயிரம் ஆறாயிரமாச்சு. புள்ளைங்க மட்டும் ஏன் சார் அதே பத்து?" என்றான். வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள், கணக்கு சரிதான். முதல் பத்துப் பிள்ளைகளும் கடவுளிடம் உயிரோடு இருப்பதால் அதுவும் இரட்டிப்பே என்று பழைய உரையாசிரியர்கள் சொல்வதுண்டு. அதைச் சொன்னேன். அவன் சிறிது யோசித்து, "அப்ப அவங்கப்பாவுக்கு அந்தப் பழைய புள்ளைங்க நெனப்பு இருக்கும்ல?" என்றான். இருக்கும் என்றேன். அந்த "இருக்கும்" என்ற ஒரு சொல்லை நம் கதைகளில் விட்டுவைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். அழுகையை அவசரமாகத் துடைக்க வேண்டாம்.

அதற்காக எல்லாக் கதையும் அழ வைக்க வேண்டும் என்பதில்லை. தேவசகாயத்தின் காலத்திலேயே வாழ்ந்த வீரமாமுனிவர், தேம்பாவணி என்ற காப்பியம் பாடிய அதே கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். பேச்சுத் தமிழைக் குருமார்கள் கற்க வேண்டும் என்பதற்காக எழுதியது. 1822-ல் அதை இலண்டனில் பாபிங்டன் அச்சேற்றினார். ஆற்றைக் கடந்து வந்து தன்னை எண்ணாமல் ஆளைக் குறைத்து எண்ணும் சீடர்களைக் கண்டு சிரிக்காத தமிழ்க் குழந்தை உண்டா? கடைசியில் நீதி இதுதான் என்று தலையில் குட்டாத கதை அது. சிரிப்பும் குழந்தைக்கு வேண்டியதே.

இனி காரியத்துக்கு வருகிறேன். பங்கு இல்லத்து முன்னறையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறோம். தாய்மாரும் பாட்டிமாரும் தாங்கள் பட்ட கஷ்டத்தையும், எது தங்களைத் தாங்கிற்று என்பதையும் தங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம், இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பஞ்ச காலமானாலும் சரி, கிணறு வற்றிய ஆண்டானாலும் சரி. ஊர்ப்பெயர், ஆள்பெயர் மாற்றி, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் அமைத்து, திருவருகைக்காலத்து முதல் ஞாயிறன்று வகுப்பில் வாசிக்க எண்ணம். சித்திரம் வரையத் தெரிந்த பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.