ஒரே மூஞ்சி, ரெண்டு மரியாதை

(சந்திரபாபு நடித்த படங்கள் குறித்துத் தூத்துக்குடியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில இருந்து இங்க ஒரே சண்டை. சந்திரபாபு நடிச்சதுல எது ஒசந்த படம்னு. திரேஸ்புரத்துல இருந்து வந்த அண்ணன் ‘சகோதரி’ன்னு சொல்லிட்டு, மறுத்துப் பேசினவரை முறைச்சிக்கிட்டே உக்காந்தார். முன்வரிசை அக்கா ‘போலீஸ்காரன் மகள்’தான்னு சத்தியம் பண்றாங்க. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் ‘அன்னை’யை விட்டு நகர மாட்டேங்கிறார். இதுக்கு நடுவுல பின்னால நின்ன ஒரு தம்பி எந்திரிச்சு, “கொடியங்குளம் நடந்த மாவட்டத்துல உக்காந்துகிட்டு காமெடியனைப் பத்தி என்ன பேச்சு?”ன்னு கேட்டுட்டு வெளிய போயிட்டார். டீக்கடையில நிக்கிறார்னு நினைக்கேன். யாராவது கூப்பிடுங்க. அவருக்குத்தான் நான் முதல்ல பதில் சொல்லணும்.

தம்பி, 1995-ல் கொடியங்குளத்துக்கு சாதி போலீஸ் உடுப்புல வந்தது. வீட்டை உடைச்சது, கிணத்துல விஷத்தைக் கலந்ததுன்னு ஊர்ச்சனம் இன்னைக்கும் சொல்லுது. அதே சாதி சினிமாக் கொட்டகைக்கு வரும்போது லத்தியோட வராது. சிரிப்போட வரும். அங்க நாமளும் டிக்கெட் எடுத்து உக்காந்து சேர்ந்து சிரிக்கோம். யாரைப் பாத்து சிரிக்கோம், யாரு பேச்சைக் கேட்டு சிரிக்கோம்னு கொட்டகையில யாரும் கேக்கிறதில்ல. அதைக் கேக்கத்தான் இந்தக் கூட்டம்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்குவோம். பாபு நம்ம ஊர்க்காரர்னு எல்லாரும் நெஞ்சை நிமிர்த்துறோம். சரி. 1927 ஆகஸ்டில் இந்த ஊரில் பிறந்தவர். பனிமய மாதா பேரால் ஜோசப் பனிமயதாஸ் என்று பெயர். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்டக்காரர், ‘சுதந்திர வீரன்’ என்று பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்காரன் கெடுபிடியில் சொத்தை இழந்து குடும்பம் கொழும்புக்குப் போனது. பாபு படித்தது அங்கே. 1943-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. ஆனால் அவர் தலித் இல்லை. பரதவர். பரதவர்கள் தங்களைச் சந்திரகுலம் என்று சொல்லிக்கொள்வதுண்டு. சந்திரபாபு என்கிற பேரிலிருக்கிற ‘சந்திர’மும் அங்கிருந்துதான் வந்தது என்பார்கள். ஆக நாம் கைதட்டுகிற அந்தப் பேருக்குள்ளேயே ஒரு சாதி உக்காந்திருக்கு. கடற்கரையிலும் மேசைக்காரர் உண்டு, கம்மாரக்காரர் உண்டு. அளத்துல உப்பு வாரின நமக்கும் அவங்களுக்கும் நடுவுல என்ன இருந்ததுன்னு இங்க இருக்கிற பெரியவங்களுக்குத் தெரியும். அதனால “நம்மாளு” என்பதற்காக நான் அவரைத் தூக்கிப் பிடிக்க வரவில்லை. தூக்கிப் பிடிக்க வேறு காரணம் இருக்கு.

‘சகோதரி’யை எடுத்துக்குவோம். 1959-ல் ஏவி.எம். எடுத்த படம். பீம்சிங் இயக்கம். படத்தை முடித்துப் போட்டுப் பார்த்தபோது சவசவன்னு இருந்ததாம். மெய்யப்பச் செட்டியார் பாபுவைக் கூப்பிட்டு, பால்காரன் வேஷம் ஒன்றை உண்டாக்கி, அதைத் தனியாக எடுத்துப் படத்துக்குள் சொருகினார் என்று சொல்வார்கள். படம் ஓடியது. இன்றைக்கு அந்தப் படத்தில் யாருக்காவது வேற எதுவும் ஞாபகம் இருக்கா? அந்தப் பால்காரன்தான் ஞாபகம். தன்னைத்தானே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு அவன் பாடுகிற பாட்டுதான் ஞாபகம். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடைசியாக 1961-ல் நடந்தது, மூச்சை அடக்கி முங்கினவனுக்கு சிப்பியில் மூணில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு என்பது பழைய கணக்கு. பாபு கதையும் கிட்டத்தட்ட அதுதான். முங்கி எடுத்தது அவர். சகோதரியை நான் குறைத்துச் சொல்லவில்லை அண்ணே, முறைக்காதீங்க. ஆனால் அதில் அவர் இருப்பது ஒட்டுப்போட்ட துணியில். துணி தனி, ஒட்டு தனி. ஒட்டுதான் அழகாயிருக்கு என்பதற்காக அதை முழுச்சட்டை என்று சொல்ல முடியாது.

‘அன்னை’யும் ‘போலீஸ்காரன் மகளு’ம் ஒரே வருஷம், 1962. வாத்தியார் சொல்வது அன்னையில் வருகிற அந்தப் பாட்டுக்காக. புத்தி இருந்தும் தோற்றவர்களைப் பற்றிய பாட்டு. அதைப் பாடுகிற குரலில் ஒரு சொந்தத் துக்கம் இருக்கு, ஒப்புக்கொள்கிறேன். பாட்டைத் தவிர்த்து அந்தப் படத்தில் பாபு என்ன செய்கிறார் என்று வாத்தியாரிடம் கேட்டேன், அவரும் பாட்டையேதான் திரும்பச் சொன்னார். ஸ்ரீதரின் போலீஸ்காரன் மகளில் ஆம்பளையாப் பிறந்ததே தப்பு என்று ஒரு புலம்பல் பாட்டு. சிரிப்புதான். ஆனா அக்கா, பொம்பளையைக் குத்தம் சொல்லி ஆம்பளை பாடுற பாட்டை நீங்களே முன்மொழியுறீங்களேன்னு எனக்கு ஆச்சரியம். மனோரமாவுக்காகன்னா சொல்லுங்க, நானும் கை தூக்குறேன்.

இன்னொரு பட்டியல் இருக்கு. யாரும் இங்கே சொல்லாத பட்டியல். அது பாபு தனக்கு வேணும்னு ஆசைப்பட்ட படங்கள். 1960-ல் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’. 1961-ல் ‘குமார ராஜா’. இரண்டிலும் அவரே கதாநாயகன். 1966-ல் தானே இயக்கி, சாவித்திரியோடு நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’. வேதாகமத்தில் இருந்து எடுத்த தலைப்பு. மாதா கோயில் நிழலில் பிறந்த பிள்ளைக்குத் தலைப்புத் தேட ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தட்டினார், திறக்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து எடுக்க ஆரம்பித்த ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்று, கடன் கழுத்துக்கு வந்தது. 1974 மார்ச்சில் செத்துப்போனபோது வயசு 46. இந்தப் படங்கள் ஓடாததற்குப் படமே காரணமாக இருக்கலாம். ஆனால் சிரிக்க வைக்கிறவன் நடு இடத்தில் வந்து உக்காந்தால் தமிழ் சினிமாவுக்கு ஒரு அசூயை வரும், அதுவும் காரணம். நீ ஓரமா நின்னு சிரிப்பு காட்டு, கூப்பிடும்போது வா. இந்த வார்த்தை நமக்குப் புதுசா என்ன?

நான் சொல்ல வந்த படம் ‘சபாஷ் மீனா’. 1958. பி.ஆர்.பந்துலு. சிவாஜி, பாபு, மாலினி, சரோஜா தேவி. கதை உங்களுக்குத் தெரியும். பொறுப்பில்லாத பணக்காரப் பிள்ளை மோகன், அதாவது சிவாஜி. அப்பா பட்டணத்தில் இருக்கிற சிநேகிதர் வீட்டுக்கு அனுப்புகிறார். அவனோ தன் சிநேகிதன் சேகரைத் தன் பேரில் அங்கே அனுப்பிவிடுகிறான். சேகர்தான் பாபு. இன்னொருத்தன் பேரைப் போட்டுக்கொண்டு போனதும், அந்த வீட்டில் உபசாரம் தடபுடலாக நடக்குது. ஆளுக்கு இல்லை மரியாதை, பேருக்கு. இது ஒன்று.

அதே படத்தில் பாபுவுக்கு இன்னொரு வேஷமும் உண்டு. ரிக்‌ஷாக்காரன். அதே மூஞ்சி, அதே ஒடம்பு. மாறுவது துணியும் பேச்சும். மெட்ராஸ் பாஷை. பட்டணத்துச் சேரியில், துறைமுகத்தில், ரிக்‌ஷா ஸ்டாண்டில் பேசுகிற பேச்சு. மூஞ்சி ஒன்றாக இருந்தும் ஒருத்தன் சோபாவில் உக்காருகிறான், இன்னொருத்தன் வண்டி இழுக்கிறான். ரெண்டு பேருக்கும் ரத்தத்தில் வித்தியாசம் இல்லை என்று யாரும் வசனம் பேச வேண்டாம். ஒரே ஆள் ரெண்டு வேஷம் கட்டினதாலேயே அது நம்ம கண்ணு முன்னால நிக்குது. பந்துலு இதை நினைத்துச் செய்தாரா என்றால், செய்திருக்க மாட்டார். சிரிப்புக்காகத்தான் செய்திருப்பார். அவர் நினைக்காவிட்டாலும் படத்தில் அது இருக்கு.

இந்தப் படம் எனக்கு எப்படித் தெரியும்னு சொல்றேன். எங்க பெரியப்பா அளத்து வேலை பிடிக்காம, உப்பு வெள்ளையில கண்ணு போயிரும்னு பயந்து, சின்ன வயசுலயே மெட்ராசுக்கு ஓடிப் போனவர். அங்க இழுத்தது கைரிக்‌ஷா. கைரிக்‌ஷாவைத் தமிழக அரசு ஒழித்தது 1973-ல்தான். அதுக்கு முன்னாடியே அவருக்கு நெஞ்சு கெட்டுப்போய் ஊருக்குத் திரும்பிட்டார். இருமிக்கிட்டே இருப்பார். எங்க அப்பா அவரை முத்தையாபுரம் பக்கம் டெண்ட் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். பழைய படம்தான், திரும்பப் போட்டிருக்கான். “அண்ணே, உன்னை மாதிரியே ஒருத்தன் பேசுதான், வா”ன்னு. தரை டிக்கெட். மணலைக் குமிச்சு வச்சு உக்காந்து பாத்திருக்காங்க. ரிக்‌ஷாக்காரன் வாயைத் திறந்ததும் கொட்டகையே உருளுது. அப்பாவும் உருண்டு சிரிச்சிருக்கார். திரும்பிப் பாத்தா பெரியப்பா சிரிக்கல.

வீட்டுக்கு வந்து வெத்தலையைப் போட்டுட்டு அவர் சொன்னதை அப்பா எங்கிட்ட பலதடவை சொல்லியிருக்கார். “பேச்சு அச்சு அசல்தாம்ல. எங்க போய் படிச்சானோ. ஆனா சவாரிக்காரன்கிட்ட அந்தக் கொரல்ல பேசுனா மறுநா சோறு கிடையாது.” கொஞ்ச நேரம் கழிச்சு, “சரி, படத்துலயாவது பேசட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். சினிமா விமர்சனம்னு நான் எத்தனையோ வாசிச்சிருக்கேன். இந்த ரெண்டு வாக்கியத்துக்கு மேல ஒண்ணும் வாசிச்சதில்ல.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதை மறைக்க விரும்பல. கொட்டகை சிரிச்சது எதுக்கு? அந்தப் பேச்சு தப்புத் தமிழ், சேரித் தமிழ்ங்கிற நினைப்புலதானே முக்கால்வாசிப் பேரு சிரிச்சிருப்பான்? நான் வெளியூர்ல காலேஜ் சேர்ந்த முதல் மாசம், வகுப்புல ஒரு வாத்தியார் கேள்வி கேட்டார். “சொல்லுதேன் சார்”னு எந்திரிச்சேன். அவர் அதே மாதிரி, “சொல்லுதியா, எங்க சொல்லு”ன்னார். அறுபது பேரு சிரிச்சான். காமெடி படம் பாத்த மாதிரி இருந்ததுன்னு அப்புறம் ஒருத்தன் எங்கிட்டயே வந்து சொன்னான். அந்த வருஷம் முழுக்க வகுப்புல நான் வாயைத் திறக்கல. உழைக்கிறவன் பேச்சை சிரிப்புக்கு மட்டும் உள்ள விட்டது சினிமா. பாபு அந்த வாசல் வழியாத்தான் உள்ளே வந்தார், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா வேற எந்த வாசல் இருந்தது? 1971-ல் எம்.ஜி.ஆர். ‘ரிக்‌ஷாக்காரன்’ நடிச்சார். தேசிய விருதே குடுத்தாங்க. அந்த ரிக்‌ஷாக்காரன் பேசுறது என்ன தமிழ்? மேடைத் தமிழ். வண்டி மட்டும்தான் ரிக்‌ஷா. கதாநாயகன் ஏழையா இருக்கலாம், ஏழை பேச்சு பேசக்கூடாது. அதைக் காமெடியன் பேசுவான். இதுதான் அன்றைய பங்கீடு. கதாநாயகனே வடசென்னைப் பேச்சோடு படம் முழுக்க நடமாட ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வரைக்கும், 2014 வரைக்கும் காத்திருந்தோம். அங்கொன்றும் இங்கொன்றும் முன்னே இருந்திருக்கலாம். பாபு 1958-ல் அந்தப் பேச்சைக் காது குடுத்துக் கேட்டிருக்கார். எந்த இடத்தில் இழுப்பான், எந்த இடத்தில் முழுங்குவான், கோவம் வந்தா எப்படி ஏறும் எல்லாம் அதில் இருக்கு. கேலி பண்ணுகிறவனுக்கு நாலு வார்த்தை போதும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஓட்டிடுவான். பாபு அந்த ஆளையே கொண்டுவந்து நிறுத்தினார். பெரியப்பா “அச்சு அசல்”னு சொன்னது அதைத்தான்.

சபாஷ் மீனா கதையைத் தழுவித்தான் 1996-ல் ‘உள்ளத்தை அள்ளித்தா’ வந்தது. கவுண்டமணிக்குக் கூட்டம் அப்படிக் கூடுச்சு. நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் காலத்து காமெடியில பாதி எதுல ஓடுச்சு? கருப்பைச் சொல்லித் திட்டுறது, மண்டையைச் சொல்லித் திட்டுறது, எட்டி மிதிக்கிறது. மிதிக்கிறவன் மேல நிப்பான், மிதி வாங்குறவன் திரும்பி வருவான். பெரிய மனுசனையும் கவுண்டமணி வாரியிருக்கார், அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். இருந்தாலும் கணக்குப் பாத்தா மிதி வாங்கினது பெரும்பாலும் கீழ இருந்தவன்.

நம்ம மாவட்டத்துக்காரர் மாரி செல்வராஜ் 2023-ல் ‘மாமன்னன்’ எடுத்தார். முப்பது வருஷமா அடி வாங்கியே நம்மளைச் சிரிக்க வைச்ச வடிவேலுவை எம்.எல்.ஏ. ஆக்கி, ஆதிக்க சாதிக்காரன் முன்னால நாற்காலியில உக்கார முடியாம நிக்க வைச்சார். ஒருத்தரும் சிரிக்கல. வடிவேலு நடிச்சதுல எது ஒசந்த படம்னு நாளைக்கு ஒரு கூட்டம் போட்டா இந்தச் சண்டை வராது. பாபுவுக்கு அப்படி ஒரு படம் குடுக்க ஆள் இல்லை. அவரே எடுத்துக்கப் பாத்தார், முடியல.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. எனக்குத் தெரிஞ்சு, பாபு எந்தப் படத்திலும் இந்தக் கடற்கரைப் பேச்சைப் பேசல. பட்டணத்து ரிக்‌ஷாக்காரன் பேச்சை அவ்வளவு துல்லியமாப் பிடிச்ச காது, வல்லம் தள்ளுறவன் பேச்சையும் உப்பு வாருறவ பேச்சையும் பிடிச்சிருக்காதா? சின்ன வயசுலயே கொழும்புக்குப் போயிட்டார், அதனாலன்னு சொல்லலாம். கேக்க ஆள் இல்லைன்னும் சொல்லலாம்.

இன்னைக்கு ராத்திரி இங்கேயே திரை கட்டி சபாஷ் மீனா போடுறோம். நாற்காலி முப்பதுதான் இருக்கு, அதைப் பெரியவங்களுக்கு விட்டுருவோம், மத்தவங்க தரையில உக்காருவோம். சிரிப்பு வந்தா சிரிங்க. ரிக்‌ஷாக்காரன் வரும்போது மட்டும் ஒரு தடவை பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பாருங்க. படம் முடிஞ்சதும் ‘சகோதரி’க் கட்சிக்காரங்க முதல்ல பேசலாம். அண்ணே, உங்களுக்குத்தான் முதல் மைக். அந்தத் தம்பி டீ குடிச்சிட்டாரான்னு பாத்து யாராவது கூட்டிட்டு வாங்க.