உடையாத குழாயும் ஒரு கணக்குதான்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் பற்றிப் பேச ஆடிட்டரைக் கூப்பிட வேண்டியதுதானே, குழாய் பார்க்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்தவன்தான்.

2023 டிசம்பர் நம்ம பக்கத்துக்கு மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

அதன் பிறகுதான் ஆண்டறிக்கைகளைப் புரட்ட ஆரம்பித்தேன். நடந்துவிட்ட ஒன்றால் பணம் போகும் என்பது பெரும்பாலும் தெரிந்தால், இந்தியக் கணக்கியல் தரநிலை 37இன்படி தொகை ஒதுக்க வேண்டும். போகலாம் என்ற அளவில் இருந்தால் குறிப்பில் சொன்னால் போதும். வாய்ப்பு மிகக் குறைவென்றால் அதுவும் வேண்டாம். இன்னும் உடையாத குழாய்க்கு இங்கே இடமில்லை. நிர்வாகத்தின் ஆய்வுரையில் 'அபாயங்களும் கவலைகளும்' என்றொரு பகுதி வேண்டும் என்கிறது செபியின் 2015 விதி. அது அங்கேதான் வர வேண்டும்.

அந்தப் பகுதியை எழுதுகிறவருக்கு விஷயம் எங்கிருந்து போகிறது? நம்ம லாக் புத்தகத்திலிருந்துதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு குழாயின் சுவர் பாதியாகத் தேய்ந்திருப்பதை அளந்து எழுதிக் கொடுத்தேன். மூன்று மேஜை தாண்டியதும் அது 'பராமரிப்புத் தேவை' ஆயிற்று. ஆண்டறிக்கையில் 'அபாயங்கள் முறையாகக் கண்காணிக்கப்படுகின்றன' என்று அச்சாகி வந்தது. படித்தேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு குழாயை மாற்றினார்கள்; அதுவரை அது தாங்கியது நம்ம அதிர்ஷ்டம்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் 'தேய்மானம் உள்ளது' என்று எழுதாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தேதி, எப்போதுக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். ஆண்டறிக்கை வந்ததும் அந்த ஒரு பத்தியை வாங்கிப் படியுங்கள். உங்கள் எண் அங்கே காணாமல் போயிருந்தால் கேளுங்கள். பங்கு வைத்திருக்கும் நண்பர்கள் பொதுக்கூட்டத்திலேயே கேட்கலாம்.

திருவொற்றியூரில் இருக்கும் என் அம்மாவுக்கு எந்தக் கம்பெனியிலும் பங்கு கிடையாது. காற்று மட்டும் அவர் வீட்டுக்கும் வருகிறது.