செய்மதியும் சூறாவளியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சூறாவளியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் கேட்டபோது எனக்குச் சற்றே தயக்கம் உண்டாயிற்று. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எவ்வெப்போது வீசும் என்பதைச் சிறு பிராயத்திலிருந்தே அறிந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். காற்றைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்வது? ஆயினும், கரையில் நிற்பவன் கண்ணுக்கு எட்டாத செய்தி ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கடல் நடுவே கிடக்கும் ஒரு தாழமுக்கம் இன்றிரவு வலுக்குமா, தளருமா என்பதே அது. அச்செய்தியைச் செய்மதி எவ்வாறு அறிந்து தருகின்றது, தந்ததைக் கொண்டு நாம் செய்ய வேண்டியது யாது என்னும் இரண்டை மாத்திரம் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் 1964ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு டிசெம்பர் 17ஆந் திகதி தென் அந்தமான் கடலில் ஒரு தாழமுக்கம் தோன்றிற்று. இரண்டே நாளில் அது கடுஞ் சூறாவளியாயிற்று. பின்னர் ஏறக்குறைய நேர்கோடாக மேற்கு நோக்கி, நாளொன்றுக்கு 400 கிலோமீற்றருக்கு மேல் விரைந்து, 22ஆந் திகதி வவுனியாவைக் கடந்து மன்னார்க் கடலில் இறங்கி, அன்றிரவே தனுஷ்கோடியில் மோதிற்று. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேலென மதிப்பிட்டனர். பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட புகையிரதம், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. 1914 முதல் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் அக்கரையில் இறங்கிய ஊர் தனுஷ்கோடி. நமக்கு அது அடுத்த வீடு போன்றது. அந்த வீடு ஓரிரவில் மணல் மேடாயிற்று. இன்றும் இடிந்த சுவர்களே அங்கு நிற்கின்றன.

இதிலே நாம் கருத்தூன்ற வேண்டிய விடயம் ஒன்றுளது. தரையேறிய சூறாவளி தளரும் என்பது பொது விதி. கடலின் வெப்பமே அதற்கு உணவு. தரையில் அவ்வுணவு கிடையாது. ஆனால் நமது வட பகுதியோ தட்டையான நிலம், அகலமுங் குறைவு. காற்றை மறிக்க மலையில்லை. சில மணி நேரத்தில் அதைக் கடந்துவிட்டால், இப்பக்கத்தே மறுபடியும் கடல். ஆகையால், திருக்கோணமலையில் ஏறிய புயல் மன்னாருக்கு வருமுன் அடங்கிவிடும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

சரி, அன்று வானிலிருந்து பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லையா? இருந்தது. 1960 ஏப்பிரில் 1ஆந் திகதி அமெரிக்கா ஏவிய டைரோஸ் என்பதே முதலாவது வானிலைச் செய்மதி. எழுபத்தெட்டு நாட்களே தொழிற்பட்டு, ஏறத்தாழ 23,000 படங்களை அது அனுப்பிற்று. நியூசிலாந்துக்கு வடக்கே நடுக்கடலில் சுழன்ற ஒரு சூறாவளியும் அவற்றில் அகப்பட்டது. ஆனால் அக்காலத்துச் செய்மதிகள் பூமியைச் சுற்றி ஓடுபவை. ஓரிடத்துக்கு மேலாகக் கடக்கும்போது பகல் வெளிச்சம் இருந்தாற்றான் அங்கே படம் விழும். காலையில் ஒரு படம் கிடைத்தால், மறுபடம் வருமுன் புயல் எங்கேயோ போயிருக்கும். மேலும், படத்திலே முகிலைக் கண்டார்களேயன்றி, அம்முகிலைப் பார்த்துக் காற்றின் வலிமையை அளக்கும் ஒழுங்கான முறை அன்று வகுக்கப்படவில்லை.

அம்முறையை வகுத்தவர் வேர்ணன் டிவோராக் என்னும் அமெரிக்க அறிஞர். 1970களில் ஆயிரக்கணக்கில் அல்ல, நாள்தோறும் வந்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சூறாவளி வளரும்போது அதன் முகில் ஓர் ஒழுங்கில் உருமாறுகிறது என்பதை அவர் கண்டார். முதலில் சிதறிய முகிற் கூட்டம். பின் அது ஒரு பட்டியாக நீண்டு மையத்தைச் சுற்றி வளையும். அரைச் சுற்று வளைந்தால் சூறாவளி பிறக்கும் நிலை. முழுச் சுற்றானால் கடுஞ் சூறாவளி. அதற்கும் மேலே போனால் நடுவில் கண் திறக்கும். இந்த உருவங்களுக்கு ஒன்று முதல் எட்டு வரை அரை அரையாக எண் கொடுத்தார். அதுவே 'டி' எண். இரண்டரை என்றால் காற்று மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். நான்கு என்றால் 120. ஆறு என்றால் 210க்கு மேல். சாதாரணமாக வளரும் புயல் நாளொன்றுக்கு ஓரெண் வீதம் ஏறும். அதனிலும் விரைந்து ஏறுமாயின் அபாயம் கிட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

இரவில் எவ்வாறு பார்ப்பது? செங்கீழ்க் கதிர் கொண்டு முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். உயர எழுந்த முகிலுச்சி பூச்சியத்துக்குக் கீழே எழுபது, எண்பது பாகை வரை குளிர்ந்திருக்கும். வலுத்த புயலின் கண்ணோ வெதுவெதுப்பாய் இருக்கும். சுற்றியுள்ள குளிருக்கும் கண்ணின் வெப்பத்துக்கும் இடையே வேற்றுமை கூடக்கூடப் புயலும் வலுத்ததென்று பொருள். இன்று இந்தியாவின் இன்சாட் வரிசைச் செய்மதிகளும், யப்பானின் ஹிமவாரியும் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுழன்று, ஒரே இடத்தை இமையாது நோக்குகின்றன. ஹிமவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகின்றது. முகிலை ஊடுருவி உள்ளே பார்க்கும் நுண்ணலைக் கருவிகள் வேறு செய்மதிகளில் உள.

இத்தனையும் இருந்தும் ஏன் உயிர்கள் போகின்றன? மூன்று புயல்களைச் சொல்கிறேன்.

2017 நவெம்பர் 29ஆந் திகதி அதிகாலை இலங்கையின் தென்கிழக்கே வெறுந் தாழமுக்கமாய் இருந்த ஒக்கி, மறுநாளே கன்னியாகுமரிக் கடலில் சூறாவளியாயிற்று. செய்மதி அதைக் கண்டது. ஆனால் குமரி மாவட்டத்தாரும் கேரளத்தாருமான மீனவர் பலர் அதற்கு முன்னரே ஆழ்கடலுக்குப் போய்விட்டனர், பலர் திரும்பவேயில்லை.

2020 டிசெம்பர் 2ஆந் திகதி இரவு புரெவி திருக்கோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கி, அங்கேயே தயங்கி நின்று தளர்ந்தது. "வருகிறது வருகிறது என்றார்கள், என்ன வந்தது?" என்று சிலர் அன்று நகைத்தனர். நண்பர்களே, புரெவி வந்த வழி பெரும்பாலும் 1964இன் வழியே. ஒன்று தளர்ந்தது, மற்றது ஓர் ஊரையே அழித்தது. வழி ஒன்றாயிருந்தாலும் வலிமை வேறு. ஆகவேதான் எங்கே வருகிறது என்பதோடு எவ்வளவு வலுக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது, 2025 நவெம்பர் இறுதியில் வந்த டித்வா. காற்றை மாத்திரம் வைத்து நோக்கினால் அது பெரும் புயலன்று. மழையும் வெள்ளமும் மண்சரிவுமே இந்நாட்டில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. ஆகையால் 'டி' எண் சிறிதென்று உறங்கிவிடவும் கூடாது.

இனி நமது கடமை. நமது தீவு தாழ்ந்த மணற்றிடல். இரு புறமும் கடல். பெருநிலத்துக்குப் போக ஒரே தாம்போதி. காற்று எழுந்தபின் அதன் வழியே குழந்தைகளையும் முதியோரையும் கொண்டுபோக இயலாது. செய்மதி நமக்குத் தருவது சில மணி நேரம்; அவ்வளவே. அந்த மணி நேரத்தை வீணாக்குவதும் பயன்படுத்துவதும் நம் கையில் உள்ளது.

வாலிபர்களே, பேசாலையிலும் வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் எந்த வள்ளம் எப்போது கடலுக்குப் போயிற்று என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மின்சாரம் நின்றாலும் பேசும் வானொலிப் பெட்டி ஒவ்வொரு வாடியிலும் இருக்கட்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வந்தவுடன், தொலைபேசி இல்லாத கிழவியின் வீட்டுக்குக் காலால் நடந்து போய்ச் சொல்லுங்கள். புயலின் கண் மேலே வரும்போது காற்று திடீரென அடங்கும். அப்போது வெளியே வந்தவர்களை மறுதிசையிலிருந்து வரும் காற்று அடித்துப் போடும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. 1964ஐப் பத்து வயதில் கண்டவர்களுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. தண்ணீர் எதுவரை வந்தது, எந்த மரத்தில் ஏறித் தப்பினார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அக்குறிப்பு எந்தச் செய்மதியிலும் இல்லை.

வானத்தில் ஒரு கண் உறங்காமல் விழித்திருக்கிறது. அது கண்டதைக் கடைசி வாடி வரை கொண்டுபோகும் கால்கள் உங்களுடையவை.